கடல் ஏன் மண் நிறம்?

வணக்கம் ஐயா,

என் மகன் ஆண்டு 4 படிக்கிறான். ‘எங்கள் ஊர்’ கட்டுரையில் ‘மான்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆட்களைப் போல ரோட்டோரம் நிற்கும்’ என்று எழுதியிருந்தான். ரீச்சர் அதை வெட்டிவிட்டு ‘மான்கள் துள்ளித் திரியும்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சித்திரப் பாடவேளையிலும் இப்போது கணக்குத்தான். புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை படம் கீறுவதை நிறுத்து என்று வீட்டிலும் சொல்கிறார்கள். கற்பனையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

— ஒரு தாய், உப்புவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் அந்த ஒரு வரியை நாலைந்து தடவை வாசித்தேன். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் போய்வரும் எவருக்கும் தெரியும், திருகோணமலை மான் துள்ளாது. ஆட்டோ ஹோர்ன் அடித்தாலும் விலகாமல், ஆட்களைக் கண்டு மிரளாமல், யாராவது வாழைப்பழத் தோல் போடுவார்களா என்று பார்த்தபடி நிற்கும். துள்ளுகிற மான் கட்டுரைப் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறான், அதைத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

எனக்கும் இது நடந்தது. மூதூரில் ஆண்டு 3 படிக்கும்போது, ஒரு மார்கழி மழைக்குப் பிறகு, கடலை மண் நிறத்தில் கீறிக்கொண்டு போனேன். ஆசிரியர் கொப்பியைத் தூக்கிக் காட்டி “கடல் என்ன நிறம்?” என்று கேட்டார், வகுப்பே “நீலம்!” என்று கத்தியது, நான் அழுதுகொண்டே அதன்மேல் நீலத்தைத் தேய்த்தேன். மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது, வடகீழ்ப் பருவமழையில் அது வண்டலைச் சுமந்துவந்து கரையோரக் கடலைக் கலக்கிவிடுகிறது என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அவர் “ஏன் மண் நிறம்?” என்று மட்டும் கேட்டிருந்தால் ஆறு, மழை, மண்ணரிப்பு எல்லாமே அந்தப் படத்திலிருந்து பாடமாகியிருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பரீட்சையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வசதியில்லாத பிள்ளைக்கு அது நல்ல பாடசாலைக்கும் உதவித்தொகைக்கும் வழி. வாய்ப்பாடு பாடமாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் கற்பனையைச் சித்திரப் பாடவேளைக்குள் மட்டும் அடைத்து வைத்திருக்கிறோமே, அதுதான் பிழை. ஆண்டு 6க்குப் போனதும் சங்கீதம், சித்திரம், நடனம், நாடகம் என்று ஏதாவதொரு அழகியல் பாடம் எடுக்கத்தானே போகிறான், அதுவரை பொறுக்கட்டும் என்பார்கள். ஆனால் கணக்கிலேயே கற்பனைக்கு இடம் இருக்கிறது. கடற்கரையில் 12 சிப்பி பொறுக்கி வந்து, பாய் விரிப்பதுபோல, வரிசைகள் சமமாக வரும்படி செவ்வகமாக எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேளுங்கள். ஒரே வரிசை, இரண்டு ஆறு, மூன்று நாலு என்று கண்டுபிடிப்பான். அப்புறம் இன்னொரு சிப்பியைக் கொடுங்கள். என்ன செய்தாலும் 13 ஒரே வரிசையில்தான் நிற்கும். ஏன் என்று அவனே மண்டையை உடைக்கட்டும், நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

கிழக்கு மண்ணில் பிறந்த சுவாமி விபுலாநந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானம் படித்தவர், படிப்பித்தவர். சுருதிக் கணக்கை வைத்துத்தான் வழக்கொழிந்துபோன யாழை ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூலை’ அரங்கேற்றினார். அவருக்குக் கணக்கு வேறு, இசை வேறு இல்லை.

சரி, இப்போதைக்கு ரீச்சரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஒருநாள் போய், இவன் ஏன் இப்படி எழுதினான் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள், அவர் கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ரியூசன் முடிந்ததும் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். மான் படுக்கும்போது முன்காலை முதலில் மடிக்கிறதா, பின்காலையா என்று பார்த்து எழுதட்டும். எழுதியதை எனக்கும் அனுப்பிவையுங்கள்.