சைமன் கிம்பாங்குவும் பெல்ஜிய காங்கோவும்: கேள்வி பதில்

கேள்வி: கிம்பாங்கு ஒரு போதகர்தானே ஐயா? பெல்ஜிய அரசு அவருக்கு ஏன் அஞ்சியது?

பதில்: அவர் அன்று பெல்ஜியத்தின் காலனியாக இருந்த காங்கோவில், பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் கிறித்தவப் பிரிவின் மிஷனில் வேதபாடம் கற்பித்தவர். 1921 ஏப்ரலில், கீழ்க் காங்கோவில் தம் ஊரான என்காம்பாவுக்கு அருகே நோயுற்ற பெண் ஒருத்தியை அவர் குணமாக்கினார் என்ற செய்தி பரவியதும், மக்கள் வேலையையும் மருத்துவமனைகளையும் விட்டு என்காம்பாவில் திரண்டனர். மாந்திரீகப் பொருள்களை எறியுங்கள், பலதார மணத்தை விடுங்கள் என்றே அவர் போதித்தார். மிஷனரிகளும் அதையேதான் சொல்லி வந்தார்கள். வெள்ளையரைக் கேட்காமல் ஒரு கறுப்பர் அதைச் சொன்னதுதான் நிர்வாகத்துக்குப் பொறுக்கவில்லை என்பது என் கருத்து.

கேள்வி: மதச் சுதந்திரத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லையா?

பதில்: இருந்தது. ஆப்பிரிக்கா குறித்து ஐரோப்பிய நாடுகள் செய்த 1885ஆம் ஆண்டு பெர்லின் ஒப்பந்தமும், காங்கோவை ஆள பெல்ஜியம் இயற்றிய 1908ஆம் ஆண்டு காலனிச் சாசனமும் மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கு உறுதி அளித்திருந்தன. ஆகவே நம்பிக்கையை நேரடியாகக் குற்றமாக்க வழியின்றி, அப்பகுதியில் இராணுவ ஆட்சியை அறிவித்து, அரசைக் கவிழ்க்க முயன்றதாக வழக்குத் தொடுத்தார்கள். திஸ்வில் இராணுவ நீதிமன்றத்தில் அவருக்கு வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீட்டுக்கும் வாய்ப்பில்லை. 1921 அக்டோபர் 3 அன்று வந்த தீர்ப்பு, 120 கசையடியும் மரண தண்டனையும். அந்நாளைய காங்கோவில் கசை என்பது நீர்யானைத் தோலை முறுக்கிச் செய்தது. சாகப் போகிறவனுக்கு எதற்குக் கசையடி என்று கேட்கத் தோன்றும். கூடியிருக்கும் ஊர் மிரள வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: தூக்கிலிட்டார்களா?

பதில்: இல்லை. பாப்டிஸ்ட் மிஷனரிகளும் கருணை கோரிய நிலையில், பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றினார். எலிசபெத்வில் சிறையிலேயே, 30 ஆண்டுகளுக்குப் பின், 1951 அக்டோபர் 12 அன்று அவர் இறந்தார்.

கேள்வி: அவரைப் பின்பற்றியவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: நாடு முழுவதும் சிதறடிக்கப்பட்டார்கள், லோவா போன்ற முகாம்களில் அடைக்கப்பட்டவர்களும் உண்டு. 37,000 குடும்பங்கள் சொந்த ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டதாக, அவரைப் பின்பற்றுவோரின் கிம்பாங்குத் திருச்சபை சொல்லும் கணக்கை ஆய்வாளர் பலர் மிகையாகக் கருதுகின்றனர். எண்ணிக்கை எதுவாயினும், விளைவு அரசு நினைத்ததற்கு நேர்மாறானது. கொங்கோ மொழி பேசுவோருக்குள் அடங்கியிருந்த இயக்கத்தை, அதைக் கேள்விப்பட்டேயிராத மாகாணங்களுக்கு அரசே தன் செலவில் கொண்டு போய்ச் சேர்த்தது. ஊரில் எஞ்சியவர்களை அவருடைய மனைவி மரி முவிலு இரகசியமாகக் கட்டிக் காத்தார். 1959 டிசம்பர் 24 அன்று, காங்கோவின் விடுதலைக்கு ஆறு மாதமே இருந்த நிலையில், அதே அரசு திருச்சபைக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. மறு ஆண்டில் கிம்பாங்குவின் உடல் என்காம்பாவுக்குக் கொண்டுவரப்பட்டது.