தோல் புற்றுநோய் உருவாவதில் நொதிகளுக்கு என்ன பங்கு?

நொதி என்பது உடலுக்குள் நடக்கும் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதம். தோலில் சில நொதிகள் காவல் நிற்கின்றன. சில, புற்றுநோய்க்கே கைகொடுக்கின்றன.

காரைக்குடியின் சித்திரை வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள புற ஊதாக் கதிர், தோல் செல்லின் டி.என்.ஏ.வில், அதாவது மரபுச் செய்தி எழுதப்பட்ட இரட்டை இழையில், அடுத்தடுத்த இரண்டு வேதி எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் ஒரு கல் விரிசல் விட்டால் கொத்தனார் என்ன செய்வார்? அதைச் சுற்றிலும் கொத்திப் பெயர்த்து, பக்கத்துக் கல்லின் பூவைப் பார்த்து அதே வார்ப்பில் புதுக்கல் வைத்து, இடுக்கைப் பூசுவார். நொதிகளும் அப்படித்தான்: ஒரு கூட்டம் பழுதைச் சுற்றி ஏறக்குறைய 30 எழுத்துகளை வெட்டி எடுக்கிறது, இன்னொன்று எதிர் இழையைப் பார்த்து நிரப்புகிறது, மற்றொன்று ஒட்டுகிறது. இதை விளக்கிய விஞ்ஞானி அசீஸ் சஞ்சாருக்கு 2015 வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பழுது நீங்குமுன் செல் பிரிந்தால் பிழை நிலைத்துவிடலாம். அப்படிப் பல ஆண்டுகள் சேரும் பிழைகள் புற்றுநோயாகலாம். சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பிறவி நோயில் இந்தப் பழுதுநீக்கம் குன்றியிருப்பதால், குழந்தைப் பருவத்திலேயே தோல் புற்றுநோய் வருகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

மறுபக்கம், புற்றுச் செல்கள், டி.என்.ஏ. இழையின் முனைகள் தேயாமல் காக்கும் டெலோமரேஸ் நொதியை எழுப்பி ஓயாமல் பெருகுகின்றன. வேறு நொதிகளால் சுற்றியுள்ள கொலாஜன் என்ற தாங்கு புரதத்தை அரித்துப் பரவுகின்றன.

"கறுத்த தோலுக்கு இது வராது" என்பது தவறு: நிறமி ஆபத்தைக் குறைக்கிறது, நீக்குவதில்லை, வெயில் படாத உள்ளங்காலில்கூட மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுநோய் வருவதால், அங்கே புதிதாகத் தோன்றி வளரும் கரும்புள்ளியை மருத்துவரிடம் காட்டுங்கள்.