பன்னிரண்டு மண்டை நரம்புகளும் செய்யும் வேலையை எப்படி மறக்காமல் வைத்துக்கொள்வது?

கேட்டிருப்பவர் நர்சிங் முதலாண்டு மாணவி. பெயர்களை வரிசையாக ஒப்பித்துவிடுகிறாராம். எது என்ன செய்கிறது என்று கேட்டால் ஐந்தும் ஏழும் குழம்பிவிடுகிறதாம்.

நான் மருத்துவன் இல்லை, ரங்கூனில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஆனால் ஏழாம் நரம்பை எனக்கு நன்றாகத் தெரியும். நாலு மாதம் அது என் வலது முகத்தில் வேலைக்கு வரவில்லை.

ஒரு நாள் காலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். குடித்த டீ வலது கடைவாய் வழியாகச் சட்டையில் ஒழுகியது. கடைப்பையன் சிரித்தான். நானும் சிரித்தேன், உடனே அவன் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி பார்த்துவிட்டு 'லே ப்யத்' என்றார். காற்று வெட்டிவிட்டது என்று அர்த்தம். என் அம்மா முகவாதம் என்றார். வாதம் என்றாலும் காற்றுதானே! ஊர் ரெண்டானாலும் பழி காற்றின் மேல்தான்.

தங்கை மகள் இங்கேதான் மருத்துவம் படிக்கிறாள். ஓடி வந்து, "மாமா, புருவத்தைத் தூக்குங்க" என்றாள். நெற்றியில் இருந்த திருநீற்றுப் பட்டை இடப்பக்கம் மடிந்தது, வலப்பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி அப்படியே நின்றது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையில் அடைப்பு வந்து வாய் கோணினால் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டால் கோளாறு அனேகமாக நரம்பிலேயே இருக்கும். ஆனாலும் இதை வீட்டில் வைத்து முடிவு செய்யக்கூடாது என்று கையைத் தூக்கச் சொல்லி, பேசச் சொல்லிப் பார்த்தபடியே டாக்சி பிடித்துவிட்டாள். மருத்துவமனையில் பெல்ஸ் பால்சி என்றார்கள். முக நரம்பைப் பற்றி 1821-இல் எழுதிய ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயர் அது. ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்பதால் அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் ஐந்து, ஏழு குழப்பம் எனக்குத் தீர்ந்தது தனக்காவால். தனக்கா என்பது பர்மாவில் மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் சாந்து. வெயிலுக்கு மனைவி அதை அரைத்து இரண்டு கன்னத்திலும் பூசினாள். செத்துப்போனது என்று நான் நினைத்த வலது கன்னத்திலும் அதே குளிர்ச்சி! முகத்தில் தொடுவதை, சுடுவதை, வலிப்பதை உணர்வது ஐந்தாம் நரம்பு. முகத்தை அசைப்பது ஏழாம் நரம்பு. ஒரே கன்னத்துக்கு இரண்டு முதலாளிகள். ஆனால் மெல்லும் தசைகள் மட்டும் ஐந்தாவதிடம் இருக்கின்றன. அதனால் வெற்றிலையை என்னால் நன்றாக மெல்ல முடிந்தது. சாறுதான் உதட்டில் நிற்காமல் வழிந்தது, சக்கை கன்னத்துக்குள் ஒதுங்கிக்கொண்டது. உதடும் கன்னத் தசையும் ஏழாவதின் ஆட்கள்.

நாக்கில் இன்னும் வேடிக்கை. முன்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கின் சுவையை ஏழாவதுதான் கொண்டுபோகிறது. வலப்பக்க நாக்கில் உப்பும் இனிப்பும் மங்கிவிட்டன, பச்சை மிளகாய் மட்டும் பழையபடி எரித்தது. காரம் சுவையே இல்லை, எரிச்சல். அது ஐந்தாவதின் கணக்கு.

சத்தமும் கூடிவிட்டது. காதின் நடுவில் அங்கவடி எலும்பை இழுத்துப் பிடித்து ஒலியை மட்டுப்படுத்தும் ஒரு குட்டித் தசை உண்டு, அதற்கும் ஏழாவதே எஜமான். அனோரதா சாலைக் காளி கோயில் மணி வலது காதில் அறைவது போலக் கேட்டது. இந்த நரம்பு காதை ஒட்டிய எலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் வழியாகப் போகிறது. வீங்கினால் விரிய இடமில்லை, நசுங்கிவிடும். கண்ணீருக்கும் காதுக்கும் சுவைக்கும் போகும் கிளைகள் அந்த வழியிலேயே பிரிகின்றன. அதனால் எது எது கெட்டிருக்கிறது என்று கேட்டே அடி எங்கே விழுந்தது என்று ஓரளவு ஊகிக்கிறார்கள்.

கண்ணைத் திறக்க முடிந்தது, மூடத்தான் முடியவில்லை. இமையைத் தூக்குவது மூன்றாவது, மூடுவது ஏழாவது. இரவில் சொட்டு மருந்து போட்டு, டேப் ஒட்டித் தூங்கினேன். இதை அலட்சியம் செய்தால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும்.

மற்றவற்றையும் இப்படியே உங்கள் உடம்பிலும் தெருவிலும் மாட்டிவையுங்கள். ஙப்பி என்கிற பர்மிய மீன் விழுதின் வாடையா, அது முதல் நரம்பு. இரண்டாவது பார்வை. நான்காவதின் தசை ஒரு கப்பியைச் சுற்றிப் போய்க் கண்ணைக் கீழே இழுக்கிறது; அது கெட்டால் ரங்கூன் பழைய கட்டடங்களின் செங்குத்துப் படியில் இறங்கும்போது ஒரு படி இரண்டாகத் தெரியும். ஆறாவது கண்ணை வெளிப்பக்கம் திருப்பும். கண்ணை அசைக்கும் மற்ற வேலையெல்லாம் மூன்றாவதுக்கு. எட்டாவது காது, கூடவே தள்ளாடாமல் நிற்பது. ஒன்பது, பத்து இரண்டையும் விழுங்குவதோடு சேர்த்து வையுங்கள். பத்தாவது வேகஸ் அங்கே நிற்காமல் இதயம், குடல் வரை ஊர் சுற்றும். அதில் குரலுக்கான இடப்பக்கக் கிளை நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி தொண்டைக்கு ஏறுகிறது. நெஞ்சில் கட்டி வந்தால் குரல் கம்முவது அதனால்தான். தோளைத் தூக்குவது பதினொன்று. காவடி எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது நாக்கை அசைக்கும். நரம்பு ஒரு பக்கம் கெட்டிருந்தால் நீட்டிய நாக்கு கெட்ட பக்கமே சாயும்.

எண்ணிக்கையில் குழம்பினாலும் வெட்கப்படாதீர்கள். இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலன் (Galen) ஏழு ஜோடி என்றார், 1664-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் ஒன்பது என்றார், 1778-இல்தான் ஜெர்மானிய மருத்துவர் சோம்மெரிங் பன்னிரண்டுக்கு வந்தார்.

எனக்கு முக்கால்வாசி சரியாகிவிட்டது. திரும்ப வளர்ந்த நரம்பிழைகளில் சில மட்டும் விலாசம் மாறிப் போய்விட்டன, வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போயிருக்கிறது. சிரித்தால் வலது கண் தானாகச் சுருங்கும். டீக்கடையில் எதிர் மேசைக்காரர்கள் நான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் பதிலுக்குக் கண்ணடித்துவிட்டு என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.