ஒரு கைது, இரண்டு ஒளிநாடாக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

மாலையில் செய்தி பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். ஒரே நிகழ்வைச் சேனலுக்குச் சேனல் வெவ்வேறாகச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் ஊடகங்கள் நடுநிலையோடு இருந்தன. இன்று எதை நம்புவது? கட்சிகள் தொலைக்காட்சி நடத்தக்கூடாது என்று சட்டம் வந்தால் இது தீருமா?

வாசகர் ஒருவர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

முன்பெல்லாம் நடுநிலை இருந்தது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இயக்க, கட்சி நாளேடுகளான விடுதலையும் முரசொலியும் தீக்கதிரும் என்றைக்கு நடுநிலை பேசின? ஆனால் அவற்றைப் படித்து யாரும் ஏமாறவில்லை. முரசொலியைக் கையில் எடுப்பவருக்கு அது யாருடைய குரல் என்று தெரியும். மாற்றுக் கட்சிக்காரர்கூட அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அறிவதற்காகவே அதைப் புரட்டினார்.

சிக்கல், தொலைக்காட்சியில் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் நடுவே செய்தியும் வரத் தொடங்கியபோது ஏற்பட்டது. 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதிய தலைவரைப் போலீஸார் இழுத்துச் செல்லும் காட்சியை, திமுக சார்புடைய சன் தொலைக்காட்சி நாள் முழுவதும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது; மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் போலீஸாருடன் மல்லுக்கட்டும் காட்சியை, அப்போது ஆட்சியிலிருந்த அதிமுகவைச் சார்ந்த ஜெயா தொலைக்காட்சி ஒளிபரப்பியது. இரண்டிலும் நான் கண்டவை அன்று நடந்தவைதான். எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது என்பதில்தான் கட்சி இருந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டார் ஒன்றை மட்டும் பார்த்தார்கள், எதிர்வீட்டார் மற்றதை மட்டும் பார்த்தார்கள், இரு வீட்டாரும் தாங்கள் கண்ணால் கண்டதாகவே சத்தியம் செய்தார்கள்.

இதையாவது கட்சிப்பற்று என்று விட்டுவிடலாம். 2007 மே மாதம் கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை, சன் குழுமத்தின் நாளிதழான தினகரன் வெளியிட்டதும், அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர்கள் மூவர் உயிரிழந்தார்கள். கருணாநிதியும், சன்னை நடத்திய அவரது உறவினர்களான மாறன் சகோதரர்களும் எனக் குடும்பம் பிளந்தது, செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. அதுவரை சன் செய்திகளில் அரிதாகவே தென்பட்ட திமுக ஆட்சியின் குறைகள் அதன்பின் தாராளமாகத் தென்பட்டன. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமானதும் அவை மீண்டும் அருகிப்போயின. நாட்டில் குறைகள் கூடவோ குறையவோ இல்லை, மாறியது முதலாளி வீட்டு உறவு. எனக்குக் கொள்கைச் சார்பைவிட இதுவே அச்சமூட்டுகிறது, ஏனெனில் கொள்கையையாவது முன்கூட்டி ஊகிக்கலாம்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அரசியல் கட்சிகளை ஒளிபரப்புத் துறையில் அனுமதிக்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-லும் 2012-லும் பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. ஆகியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்றே எண்ணுகிறேன். சன் 2006 முதல் பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம், ஜெயா மாவிஸ் சாட்காம் என்ற நிறுவனத்தினுடையது. இரண்டுமே கட்சியின் பெயரில் பதிவானவை அல்ல.

எதை நம்புவது என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது ஒரு பழக்கம் மட்டுமே. ஒரு தலைவருக்குச் சங்கடமான செய்தி வரும் நாளில், அவரைச் சார்ந்த சேனலைத்தான் நான் முதலில் திருப்புகிறேன். அங்கே அது சொல்லப்பட்டால் அந்த அளவுக்காவது உண்மை என்று எடுத்துக்கொள்கிறேன். சொல்லப்படாவிட்டால், அந்த நேரத்தில் எதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்று குறித்துவைக்கிறேன்.