தோற்றவருக்கு எதற்கு மாலை?

(தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சீனக் கம்பத்துத் (சீனர் குடியிருப்பு) திடலில் நம் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர். ஜூன் 2020 இதழுக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, எம்சிஓ என்ற கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டில் அடைந்து கிடந்தபோது அமெரிக்கக் கூடைப்பந்து அணியான சிக்காகோ புல்ஸ் பற்றிய ஆவணத்தொடரைப் பார்த்தேன். முடித்த கையோடு, அதில் தோற்கும் யூட்டா ஜாஸ் அணியின் பயிற்றுநர் ஜெர்ரி ஸ்லோன் மே 22இல் இறந்த செய்தி வந்தது. நீங்கள் அவர் படத்துக்கு மாலை போட்டீர்களாமே? கோப்பையே வாங்காதவருக்கு எதற்கு மாலை?
— வாசகர், கோலகங்சார்

போட்டேன் தம்பி. 1998இல் நாளிதழிலிருந்து வெட்டி, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்த படம். வேலியோரத்துச் செம்பருத்தியில் நானே கட்டிய மாலை. பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "இது எந்தத் தோட்டத்துத் துரைப்பா?" என்று கேட்டார். துரை இல்லை பாட்டி, நம்மை மாதிரி ஆள் என்றேன். அவர் நம்பவில்லை.

பொய் சொல்லவில்லை. இல்லினாய் மாநிலத்து மெக்லீன்ஸ்பரோ பக்கம் பண்ணை வீடு. பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. நாலு வயதில் அப்பா இறந்துவிட்டார். விடிகாலை நாலரைக்கு எழுந்து பண்ணை வேலையை முடித்து, ஏறக்குறைய இரண்டு மைல் நடந்து ஏழு மணிப் பயிற்சிக்குப் போவாராம். நாலரை மணி நமக்கு என்ன நேரம்? பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழும் நேரம். என் அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தாக் காட்டுக்கு, ரப்பர் தோட்டத்துக்கு, போன நேரம். இதைப் படித்த அன்றே அவர் எனக்கு உறவாகிவிட்டார்.

அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவின் கோப்பை இல்லை, சரி. ஆனால் அவரைத் தோற்கடித்த புல்ஸ் யார்? 1966 முதல் பத்து வருடம் அவர் ஆடிய அணி. மரியாதைக்காக, இனி யாரும் அணியக் கூடாது என்று அந்த அணி முதன்முதலில் ஓய்வு கொடுத்த சட்டை எண்ணே அவருடைய 4தான். 1997, 1998 என இரண்டு இறுதியிலும் தன் தாய்வீட்டிடம் தோற்றார். 1998இல் மூன்றாவது ஆட்டத்தில் ஜாஸுக்கு 96–54 என்று அடி. ஆட்டம் முடிந்து புள்ளித்தாளைப் பார்த்தவர், இதுதான் உண்மையான கணக்கா, நான் 196 என்றல்லவா நினைத்தேன் என்றார். அடி வாங்கிய அன்றைக்கே அப்படிப் பேச எத்தனை பேரால் முடியும்?

ஆறாவது ஆட்டம் நமக்குத் திங்கட்கிழமை காலை. எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துக்கொண்டு கம்பத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். மீதி 5.2 விநாடி இருக்கும்போது புல்ஸின் ஜோர்டன் பந்தைக் கூடையில் போட்டார். 87–86, கோப்பை புல்ஸுக்கு. கடைக்காரர் டிவியை அணைத்தார். அன்றைக்கு என்னிடம் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

ஜாஸ் அணியில் ஸ்டாக்டன், மலோன் என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்?
— வாசகி, சித்தியவான்

நியாயமான கேள்விதான் அம்மா. அவர்கள் இருவரும் ஆடியது பெரும்பாலும் 'பிக் அண்ட் ரோல்' என்ற ஒரே ஆட்டம். ஸ்டாக்டனைக் காப்பவன் வழியில் மலோன் சுவர் மாதிரி நிற்பார். ஸ்டாக்டன் அவரை உரசிக்கொண்டு சுற்றி வருவார். எதிரணி ஸ்டாக்டனை மறித்தால், மலோன் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவார், பந்து அவர் கைக்கு வரும். அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், அடுத்து இதுதான் என்று. தெரிந்தும் தடுக்க முடியாது. கித்தா மரம் சீவிப் பால் எடுத்தவர்களுக்கு இது புரியும். அதே மரம், அதே கோடு, மெல்லிசாக ஒரு சீவல். ஆழமாகப் போனால் மரம் கெடும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. கத்தி பிடிக்கும் கையில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் கையை ஏறக்குறைய பதினைந்து வருடம் தீட்டியவர் ஸ்லோன்.

அந்த இருவரும் போன பிறகு, 2003–04இல் அணி அடிமட்டத்துக்குப் போகும் என்றார்கள். 42 வெற்றி, 40 தோல்வி! 1988 டிசம்பரிலிருந்து 2011 பிப்ரவரி வரை ஒரே அணிக்குப் பயிற்றுநர். ப்ளே-ஆஃப் என்ற கோப்பைச் சுற்றையும் சேர்த்து 1,223 வெற்றி. அந்த எண்ணைப் பதாகையாக அரங்கக் கூரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆனால் வருடத்தின் சிறந்த பயிற்றுநர் என்ற விருதை ஒருமுறைகூட அவருக்குக் கொடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் ஆறவே ஆறாது.

அவரிடம் குறையே இல்லையா?
— வாசகர், ஈப்போ

முன்கோபம். 2003இல் நடுவரைத் தள்ளிவிட்டு ஏழு ஆட்டம் தடை வாங்கினார். நானும் ஒருமுறை செருப்பைக் கழற்றித் திடலுக்குள் வீசியிருக்கிறேன். அதற்கு ஸ்லோனைக் குறை சொல்ல முடியாது, அது எங்கள் அப்பா வழி.

சட்டையை உள்ளே விடச் சொல்லித் திடலைச் சுற்றி ஓடவிடுவீர்களே சார், அதுவும் ஸ்லோனிடம் கற்றதா?
— உங்கள் பழைய மாணவன்

பெயர் எழுதாவிட்டால் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நினைத்தாயா? அந்தக் கோழிக்கிறுக்கல் எழுத்தை அலுவலகத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். ஆமாம், ஸ்லோனும் அப்படித்தான். பயிற்சியில்கூடச் சட்டை வெளியே தொங்கக் கூடாது. ஆனால் எனக்கு வேறு காரணமும் இருந்தது. நம்மிடம் இருந்ததே பன்னிரண்டு சட்டை. எல்லாம் உன் அக்கா, அதாவது என் மனைவி, தைத்துக் கொடுத்தவை. வெளியே தொங்கினால் எதிராளி பிடித்து இழுப்பான், கிழியும். கிழிந்தால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

எட்டாம் எண் சட்டை இன்னும் திரும்பி வரவில்லை. உன்னிடம்தான் இருக்கிறது. திடல் திறந்ததும் கொண்டு வா.