கச்சேரிப் பதிவுகளுக்குக் கிட்-அனெக்ஸ்

வணக்கம். திருவையாற்றில் எடுத்த நாதஸ்வரப் பதிவுகள், கோப்புக்கு 2 ஜிபி, கிட்டில் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) சேர்க்க கிட் ஆட் கொடுத்தால் லேப்டாப் திணறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கிட் ஒவ்வொரு கோப்பையும் முழுதாக உள்ளே வைத்துக்கொள்ளும். பிறகு அழித்தாலும் வரலாற்றில் கிடக்கும். அதனால் பழைய களஞ்சியத்தை (கிட் கவனிக்கும் ஃபோல்டரை) விட்டுவிட்டு, பெரிய கோப்புகளைக் கிட் வரலாற்றுக்கு வெளியே வைக்கும் துணை மென்பொருளான கிட்-அனெக்ஸோடு புது ஃபோல்டரில் தொடங்குங்கள்.

முதலில் கிட் இனிட். அப்புறம் கிட் அனெக்ஸ் இனிட் கொடுத்து, பக்கத்திலேயே "வீட்டு லேப்டாப்" என்று ஒரு பெயர். பெயரைத் தெளிவாக வையுங்கள். ஆறு மாதம் கழித்து எந்தப் பதிவு எந்த டிஸ்கில் என்று தேடும்போது அதுதான் திரையில் வரும். கிட் அனெக்ஸ் ஆட் கொடுத்ததும் கோப்பு இருந்த இடத்தில் ஒலி இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு சுட்டி மட்டும் நிற்கும், ஒலி அனெக்ஸுக்குள் போய்விடும். பிறகு வழக்கம்போல் கமிட்.

வெளி டிஸ்கில் குளோன் எடுத்து, அங்கேயும் வேறு பெயரில் அனெக்ஸ் இனிட் செய்யுங்கள். டிஸ்கின் கோப்பு முறை (ஃபார்மேட்) எக்ஸ்ஃபேட்டாக இருந்தால் சுட்டிகள் வேலை செய்யாது. லினக்ஸ் என்றால் காலி டிஸ்கை முதலிலேயே எக்ஸ்ட்4 ஃபார்மேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

குறைந்தது 2 பிரதி இருக்க வேண்டும் என்று சொல்லும் கிட் அனெக்ஸ் நம்காப்பிஸ் 2 என்பதைத் தயவுசெய்து விடாதீர்கள். ஓரிடத்திலிருந்து ஒலியை நீக்க கிட் அனெக்ஸ் டிராப் கொடுத்தாலும், வேறு 2 இடத்தில் பிரதி இருப்பது உறுதியானால்தான் அழிக்கும். 2018 கஜா புயலில் வேதாரண்யத்தில் எங்கள் வீட்டு ஓடு பறந்து, இருந்த ஒரே டிஸ்க் நனைந்தது. அப்பா வாசித்த தவில் அதோடு போயிற்று. ஒரு பிரதியாவது வேறு ஊரில் இருக்கட்டும்.