ஆத்தாவா, அம்மிச்சியா?

வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

(ஆங்கிலத்தில் எழுதும் இந்தியர்களின் கதைகள் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருந்தன. பதில் எழுதுபவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர்.)

இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைப் படித்தால் நம் ஊர்க் கதையை வெளியூர்க்காரர் சொல்வது போல் இருக்கிறது. எனக்கு மட்டும்தானா?
– கல்லூரி மாணவி, பெருந்துறை

உங்களுக்கு மட்டும் இல்லை அம்மணி. எனக்கும் அப்படித்தான் இருந்தது; ஆனால் என்ன குறைகிறது என்று பிடிபடவில்லை. பிடித்துக் கொடுத்தவன் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். ஆர்.கே. நாராயண் எழுதிய 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலில் ஒரு பகுதியை வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தேன். 'கிரானி' என்று வந்ததும் கடைசி பெஞ்சில் இருந்து எழுந்தான். "சார், இது ஆத்தாவா, அம்மிச்சியா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பதிலும் வரவில்லை. நம் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவள் ஆத்தா, அம்மாவைப் பெற்றவள் அம்மிச்சி. ஆத்தா தினமும் கண்ணில் படுகிறவள், அதனால் தினமும் திட்டுகிறவள். அம்மிச்சி முழுப் பரீட்சை லீவுக்கு மட்டும் கிடைக்கிறவள். அங்கே திட்டு கிடையாது, பலகாரம் உண்டு. இரண்டு பேரையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டினால் கொங்குப் பையன் எழுந்து கேட்கத்தான் செய்வான்.

மேலே படித்தேன். முன்கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே காற்றோட்டம் இல்லாத இருட்டு நடை. அதுதான் அந்தப் பாட்டியின் இடம். ஐந்து ஜமுக்காளம், மூன்று விரிப்பு, ஐந்து தலையணை சேர்த்த ஒரு படுக்கை. சணலால் செய்த சதுரப் பெட்டி ஒன்று. சின்ன மரப்பெட்டி ஒன்று. அதற்குள் செப்புக்காசு, ஏலக்காய், கிராம்பு, பாக்கு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேரன் அவள் மடியில் தலை வைத்துப் படுக்கிறான், அந்த ஏலக்காய் கிராம்பு வாசத்தில். அவளோ, சப்-மாஜிஸ்திரேட்டாக இருந்த தாத்தாவின் முன்னால் போலீஸ்காரர்கள் எப்படி நடுங்கி நின்றார்கள் என்று பெருமை பேசுகிறாள்.

"மகன் வீட்டு நடையில் பெட்டியோடு கிடந்து, தன் புருஷன் பெருமை பேசுகிறாள் என்றால் ஆத்தாவாகத்தான் இருக்கும்" என்றேன். "அப்படியென்றால் சரி சார்" என்று உட்கார்ந்துகொண்டான்.

உறவுமுறைச் சொல்லை ஆங்கிலம் விழுங்கிவிட்டது; மரப்பெட்டியை விழுங்க முடியவில்லை. காரணமும் இருக்கிறது. லண்டனில் பல பதிப்பாளர்கள் வேண்டாம் என்று திருப்பிய பிரதி அது. ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் படித்துப் பிடித்துப்போய் முயற்சி எடுத்ததால் 1935-ல் அங்கேயே அச்சேறியது. முதல் வாசகன் லண்டன்காரன். அவனுக்கு ஆத்தா தெரியாது, ஆனால் பெட்டியைத் திறந்து காட்டினால் தெரியும். நீங்கள் இனிமேல் படிக்கும்போது சொற்களை விட்டுவிட்டு இப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடிப் பாருங்கள். பெட்டியே இல்லாத புத்தகமாக இருந்தால் தாராளமாக மூடி வைக்கலாம்.

பட்டணத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு விவசாயியின் கஷ்டம் என்ன தெரியும்?
– விவசாயி, கொடுமுடி

கோபம் புரிகிறது. கமலா மார்க்கண்டேயா 1954-ல் எழுதிய 'நெக்டர் இன் எ ஸீவ்' நாவலை முன்னால் வைத்துப் பேசுவோம். சல்லடையில் தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜின் வரியில் இருந்து எடுத்த தலைப்பு. ருக்மணி என்ற குத்தகை விவசாயியின் மனைவி தன் கதையைச் சொல்கிறாள். மழை பொய்க்கிறது, பெருமழை அழிக்கிறது, குத்தகைப் பணம் கேட்டு ஆள் வருகிறது. ஊர்ப்பெயர் கிடையாது. எந்தத் தாலுகாவிலும் வைக்கலாம் என்பதாலேயே எனக்கு அந்தக் கிராமம் கொஞ்சம் வெளிறித் தெரியும். நீங்கள் படித்தால் நாலு இடத்தில் உதட்டைப் பிதுக்குவீர்கள்.

ஆனால் அந்த ஊருக்கு ஒரு தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் ஆலை, வருகிறது. அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சந்தையில் விலை ஏறுகிறது, மகன்கள் நிலத்தை விட்டுக் கூலிக்குப் போகிறார்கள், கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்கிறார்கள், கடைசியில் அவர்கள் பாடுபடும் நிலமே ஷாப்புக்கு விலையாகிறது. ஈரோட்டுக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டே ஊர் வந்துவிட்டதென்று சொல்வார்கள். சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த அந்த வாடை அப்படி. தோல் பதனிட ஆவாரம்பட்டை உரித்து விற்றுப் பிழைத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். வயலைப் பற்றி நாவல் எழுதிய அந்த அம்மாளுக்குத் தெரிந்தது குறைவாக இருக்கலாம். வயலுக்குப் பக்கத்தில் புகைபோக்கி முளைத்தால் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியர் யார்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.
– சத்தியமங்கலம்

பங்கிம் சந்திரர் என்று எழுதுங்கள்; 'ராஜ்மோகன்ஸ் வைஃப்', 1864. அதன் பிறகு அவர் வங்காள மொழிக்கே திரும்பிவிட்டார் என்பதைத் தேர்வில் கேட்க மாட்டார்கள், கேட்க வேண்டியது அதுதான். நம் அ. மாதவையா இரண்டு குதிரையிலும் சவாரி செய்தவர். தமிழில் 'பத்மாவதி சரித்திரம்', ஆங்கிலத்தில் 'கிளாரிந்தா' (1915).

பெருமாள்முருகனை ஆங்கில எழுத்தாளர் என்று என் நண்பர் சாதிக்கிறார். புக்கர் பட்டியலில் பெயர் வந்ததாம்.
– விசைத்தறி உரிமையாளர், திருச்செங்கோடு

உங்கள் ஊர்க்காரரையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்களே! அவர் எழுதுவது தமிழில், அதிலும் நம் வட்டாரத் தமிழில். அனிருத்தன் வாசுதேவன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'பூக்குழி'தான் 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அது மொழிபெயர்ப்புகளுக்கான பரிசு. வெறும் புக்கர் என்பது ஆங்கிலத்திலேயே எழுதிய நாவலுக்கு. 1997-ல் அருந்ததி ராய் வாங்கியது அது. நண்பர் இரண்டு பானையையும் ஒரே அடுப்பில் ஏற்றிவிட்டார்.

இன்னொன்று. அவருடைய 'கூளமாதாரி' நாவல் ஆங்கிலத்தில் 'சீசன்ஸ் ஆஃப் தி பாம்' ஆகியிருக்கிறது. கதைநாயகன் கூளையனின் பெயரும் சாதியும் தலைப்பில் இருந்து இறங்கிவிட்டன, பனைமரம் ஏறிக்கொண்டது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லவில்லை. வேறு என்ன வைக்க முடியும் என்று நானும் ஒரு மதியம் முழுக்க யோசித்துப் பார்த்துத் தோற்றேன்.

சல்மான் ருஷ்டியின் 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' நாவலை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நிறுத்திவிட்டேன். என்ன செய்ய?
– வங்கி ஊழியர், கரூர்

நான்காவது முறை தொடங்காதீர்கள்.

என் மகள் ஆங்கிலத்தில் சிறுகதை எழுதுகிறாள். தமிழில் எழுதச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கண்டிக்கலாமா?
– பனியன் கம்பெனிக் கணக்கர், திருப்பூர்

கண்டித்தால் எழுதுவதையே விட்டுவிடுவாள். 1938-ல் ராஜா ராவ் 'காந்தபுரா' நாவலின் முன்னுரையில் இதே சங்கடத்தைப் பேசியிருக்கிறார்: தன்னுடையதல்லாத மொழியில் தன்னுடைய உயிர்ப்பைச் சொல்லியாக வேண்டும் என்று. அவர் கண்ட வழி, கதையை ஒரு கன்னடத்துக் கிழவியிடம் ஒப்படைத்தது. அச்சக்கா மூச்சுவிடாமல் பேசுகிறாள், 'அப்புறம், அப்புறம்' என்று வாக்கியம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆங்கில இலக்கண வாத்தியாராக எனக்குக் கை பரபரத்தது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் படித்தேன்.

உங்கள் மகளின் கதையில் வரும் திருப்பூரில் தையல் மிஷின் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓவர்லாக், சிங்கர், பிசிறு வெட்டுகிறவர்கள், சனிக்கிழமைச் சம்பளம் எல்லாம் இருந்தால் அவள் எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதட்டும். பனி பொழியும் ஊரில் காபி குடித்துக்கொண்டே அழும் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தால், ஒரு வாரம் கம்பெனிக்கு அழைத்துப் போங்கள்.

எதில் தொடங்குவது? மலிவாக எங்கே கிடைக்கும்?
– பொள்ளாச்சி

ஒரே ஒரு கதையில் தொடங்குங்கள்: நாராயணின் 'ஆன் அஸ்ட்ராலஜர்ஸ் டே'. நாலைந்து பக்கம்தான். மரத்தடி ஜோசியனுக்குச் சொந்தமாக விளக்குக்கூடக் கிடையாது, பக்கத்து நிலக்கடலைக்காரனின் வெளிச்சத்தில்தான் தொழில். கடலைக்காரன் விளக்கை அணைத்ததும் இவனும் மூட்டை கட்ட வேண்டும். அன்று மூட்டை கட்டும் நேரத்தில் ஒருவன் எதிரே வந்து உட்காருகிறான். மீதியைச் சொன்னால் என்னை அடிப்பீர்கள்.

கோவை வரும்போது உக்கடம் பழைய புத்தகக் கடைகளைப் பாருங்கள். நான் வாங்கிய கமலா மார்க்கண்டேயா அங்கே கிடைத்ததுதான். முன்பு வைத்திருந்தவர் கடினச் சொற்களுக்கெல்லாம் பென்சிலால் தமிழில் பொருள் எழுதியிருந்தார், 23-ஆம் பக்கம் வரை. அதற்குமேல் ஒரு குறிப்பும் இல்லை. கதை இழுத்துக்கொண்டு போய்விட்டதா, அல்லது அங்கேயே மூடிவிட்டாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.